ஜோடி டயர்

பெரியநாயகம் அன்று காலையில் எடுத்தது சாதாரணத் தீர்மானமல்ல. ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்துக்கொண்டதில் ரப்பருக்கே பஞ்சம் வந்துவிட்ட காலம். டயர் வேண்டுமென்றால் சர்க்கார் பர்மிட் வேண்டும். அந்தப் பர்மிட்டையும் வாங்கி, இரண்டே இரண்டு புது டயரையும் நல்லம்பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டவன் அவன் ஒருவன்தான். அந்த இரண்டை வைத்துக்கொண்டு லாரியின் ஆறு சக்கரத்தையும் ஓட்டிக் காட்டுவது என்று தீர்மானித்துவிட்டான்.

ஆறும் மொட்டை. முன்னால் இருந்த இரண்டும் மொட்டையையும் தாண்டிவிட்டன. ரப்பர் போய் உள்ளே இருக்கும் துணி எட்டிப் பார்த்தது. ஆனால் பெரியநாயகத்தின் கண் முன்னால் இல்லை, பின்னால் இருந்தது. பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடிச் சக்கரம். ஜோடிக்கு ஒரு புதுசு, பக்கத்திலேயே ஒரு பழசு. புதுசு பாரம் சுமக்கும். பழசு கூடவே உருளும். புளி மூட்டை இன்னும் நாலு கூடுதலாக ஏற்றலாம்.

"அப்ப முன்னாடி சக்கரம்?" என்றாள் அவன் மனைவி ராஜமேரி. சேலத்துக் கான்வென்ட்டில் படித்தவள். இடுப்பில் பல் முளைக்காத பெண் குழந்தை.

"அதுக்கென்ன? அது திரும்பத்தானே செய்யுது. பாரமா சுமக்குது?"

"தொப்பூர் கணவாய்ல திரும்பறப்ப வெடிச்சுதுன்னா?"

"வெடிக்காது."

"துணி தெரியுதுங்க."

"உன் சேலையிலயுந்தான் துணி தெரியுது. வெடிச்சுதா?"

ராஜமேரி சிரிக்கவில்லை. லாரி சேலத்துக்குப் போன நாட்களிலெல்லாம் அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று இன்ஜின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அது அவனுக்குத் தெரியாது. லாரி ஓட்டி வருகிறவன் வாசலைப் பார்ப்பானா, ரோட்டுப் பள்ளத்தைப் பார்ப்பானா.

"எனக்குப் பயமா இருக்குதுங்க. இந்தப் புள்ள உங்களை இன்னும் அப்பான்னுகூடக் கூப்புடலை. புதுசு ரெண்டையும் முன்னாடி மாட்டிருங்க. பின்னாடி நாலும் ஒரே மாதிரி பழசா இருந்துட்டுப் போவுது. ஒசரத்தையும் குட்டையையும் ஒரே ஜோடியில பூட்டுனா, ஒசரமானதுதான் அத்தனையும் சுமக்கும். குட்டை சும்மா உரசி உரசித் தேயும்."

"கான்வென்ட்டுல டயர் பாடமும் நடத்துனாங்களோ?"

"இல்லீங்க. அடுப்புல கத்துக்கிட்டேன். ஒரு கல்லு ஒசந்திருந்தா சட்டி அது மேலதான் உக்காருது."

"லாரியும் அடுப்பும் ஒண்ணா? போய் அடுப்பைப் பாரு புள்ளே."

ராஜமேரி அடுப்பைப் பார்க்கப் போனாள். சொன்ன சொல்லுக்கு உடனே அடங்கிய மனைவியைக் கண்டால் எந்தக் கணவனும் உஷாராகிவிட வேண்டும். பெரியநாயகம் உஷாராகவில்லை. ஜாக்கியை எடுத்தான்.

உதவிக்கு வந்தவன் சிநேகிதன் மாது. இருவரும் சுவரோரமாக உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சென்னம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"பழசை என்னண்ணா செய்யப் போறே?" என்றான் மாது.

"தள்ளிவிட மனசு வரலைடா. இத்தனை வருசம் கூட வந்திருக்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும். புதுசைப் பக்கத்துலயே சேத்துர்றேன்."

"ரெண்டும் ஒத்துப்போவுமா?"

"மொதல்ல கொஞ்சம் உரசும். அப்புறம் பழகிரும்."

"வூட்டுல சம்மதிச்சாங்களா?"

"அவ கெடக்கறா. பர்மிட்டே கைக்கு வந்திருச்சு, இனி அவ சம்மதம் எதுக்கு?"

சுவருக்கு அந்தப் பக்கம் கீரை உருவும் சத்தம் நின்றுபோயிற்று.

மத்தியானத்துக்குள் நல்லம்பள்ளிக்கு என்னவோ ஆகிவிட்டது. காபி கிளப்பில் பெரியநாயகம் உட்கார்ந்ததும் அதே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். கிளப்புக்காரர் சின்னராஜ் மட்டும் குனிந்து மெல்லக் கேட்டார்:

"புதுசு வந்திருக்குதாமே, எந்த ஊருங்க?"

"மெட்ராஸ்லருந்து. ரயில்ல வந்துது. கோணியில சுத்திக் கட்டி அனுப்பிச்சிருந்தாங்க."

சின்னராஜ் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. பொறாமை, என்று நினைத்துக்கொண்டான் பெரியநாயகம். டயர் என்றால் சும்மாவா.

சாயங்காலம் மாதா கோயிலுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார்; மற்ற நாட்களில் கோயிலும் கோயிலைச் சேர்ந்தவர்களின் சண்டை சச்சரவும் உபதேசியார் சவுரியப்பன் பொறுப்பு. போய்ப் பார்த்தால் கோயில் வாசலில் ஊரே நின்றது. நடுவில் ராஜமேரி, குழந்தையும் கையுமாக, தலை குனிந்து. பக்கத்தில் சென்னம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓகோ, டயர் விஷயத்தைக் கோயில்வரைக்கும் கொண்டுவந்துவிட்டாளா என்று பெரியநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெரியநாயகம், நீ புதுசு கொண்டாந்திருக்கறது நெசமா?" என்றார் சவுரியப்பன்.

"நெசந்தானுங்க. ஒளிக்க என்ன இருக்குது?"

"பழசு இருக்கறப்பவேயா?"

"பழசா இருக்கறதாலதானுங்க. எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

"ஒண்ணா?"

"ரெண்டுங்க. நான் கேட்டது ஆறு. யுத்த காலம்னு ரெண்டோட நிறுத்திட்டாங்க."

சவுரியப்பன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "இதுக்கு எவன்யா பர்மிட் குடுக்கறான்?"

"கலெக்டர் ஆபீஸ்லங்க. நல்ல மனுசருங்க. இருந்ததையும் தட்டிப் பாத்துட்டு, இனி இது உதவாதுன்னு அவங்களே எழுதிட்டாங்க."

"மனு எழுதுனது யாரு?"

"இதோ இவதானுங்க. இங்கிலீஷ்ல உருக்கமா எழுதுவா."

எல்லாத் தலைகளும் ராஜமேரி பக்கம் திரும்பின. "நீயாம்மா எழுதுனே?" என்றார் சவுரியப்பன்.

"ஆமாங்க. எழுதச் சொன்னாரு. எழுதுனேன்."

சென்னம்மாள் வாய்விட்டு அழுதாள். சவுரியப்பன் எழுந்து நின்றார். "கட்டுன பொண்டாட்டி கையாலயே ரெண்டு பொம்பளைக்கு மனு எழுத வெச்சிருக்கியே. நீ மனுசனா?"

பெரியநாயகத்துக்கு முதலில் காதில்தான் ஏதோ கோளாறு என்று பட்டது. "பொம்பளையா? எந்தப் பொம்பளைங்க? நான் சொல்றது டயருங்க. டயரு."

"டயரோ கியரோ, அவளுக பேரு எனக்கு வேண்டாம். சிலுவையில இருக்கற பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணு. மாட்டேன்னா, சாமியார் வர்றப்ப உனக்கு நற்கருணை கெடையாது."

சத்தியம்தானா? பெரியநாயகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. இல்லாத பொம்பளையை விட்டுவிடுவதில் என்ன கஷ்டம்? "ஒண்ணென்னங்க, ஒம்போது பண்றேன். என்னன்னு சொல்லட்டும்?"

"நீயே சொல்லும்மா," என்றார் சவுரியப்பன்.

ராஜமேரி தலை நிமிராமலே சொன்னாள். "ஜோடியில பழசோட புதுசைச் சேக்க மாட்டேன்னு சொன்னா போதுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

என்ன அடக்கம் என்று கூட்டம் உருகியது. பெரியநாயகம் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி ஓங்கிச் சொன்னான்: "இந்த உசுரு இருக்கறவரைக்கும், ஜோடியில பழசோட புதுசைச் சேக்க மாட்டேன்."

பாதி வழி வந்த பிறகுதான் அந்த வாக்கியம் அவனுக்கே காதில் விழுந்தது. நடு ரோட்டில் நின்றுவிட்டான்.

"ஏ புள்ளே, நீ என்னத்தைச் சொல்ல வெச்சே?"

"டயரைத்தாங்க."

"அடிப்பாவி. அவங்க பொம்பளைன்னு நெனச்சது உனக்குத் தெரியுமில்ல?"

"சென்னம்மாக்கா ஓடியாந்து, புதுசு கொண்டாந்திருக்காராமே, உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்க்கா, பயமா இருக்குதுன்னு சொன்னேன். அது நெசந்தானுங்களே? அப்புறம் அழுதேன். அதுவும் நெசந்தான். சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்றதுக்கு ஒரு பொய்யாவது இருக்குதான்னு தேடிப் பாத்தேன், ஒண்ணும் இல்லை."

பெரியநாயகம் நெஞ்சை நிமிர்த்தினான். "அந்தச் சத்தியம் செல்லாது. அது பொம்பளைக்காகப் பண்ணுனது."

"அப்படீங்களா? எந்தப் பொம்பளைக்கு?"

"எந்தப் பொம்பளைக்கும் இல்லை."

"அப்ப டயருக்குத்தானே?"

"இல்லை. டயருக்கு இல்லை."

"டயருக்கு இல்லைன்னா உபதேசியார்கிட்டப் போய்ச் சொல்லிருங்க, நான் பொம்பளைக்குத்தான் சத்தியம் பண்ணுனேன்னு. பேரென்னன்னு கேப்பாரு. அதையும் நீங்களே சொல்லிருங்க."

பெரியநாயகத்துக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம். தொப்பூர் கணவாயில்கூட ஒரு பக்கம் மலை இருக்கும்.

ராஜமேரியின் குரல் இறங்கியது. "நீங்க வர்றவரைக்கும் எனக்கு மூச்சே வர்றதில்லைங்க. என்னை எத்தனை வேணும்னாலும் திட்டுங்க. ஆனா வூட்டுக்கு வந்து திட்டுங்க."

குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. அவன் குழந்தையை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

மறுநாள் காலை பெரியநாயகம் புது டயர் இரண்டையும் முன்சக்கரத்தில் முடுக்கிக்கொண்டிருந்தான். கழற்றிப் போட்டதை ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்தான். விரல் துணியைத் தாண்டி உள்ளே போயிற்று. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பினால், சுவருக்கு மேல் சென்னம்மாளின் தலை. நடந்தது அவளுக்கும் ஒருவழியாகப் புரிந்துவிட்டிருந்தது.

"புதுசு எங்கண்ணா?"

"முன்னாடி."

"பழசு?"

"பின்னாடி."

"அப்ப நம்ம ராஜமேரி முன்னாடியா, பின்னாடியா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஸ்டியரிங்குல."