சாயம் போன தவளை

ஒரு காட்டில் யானைகளுக்குச் சாலை போடுவதற்காக ஒரு குளத்தை மூட இருந்தார்கள். அதில் நீலத் தொண்டைத் தவளைகள் வாழ்ந்தன. வேறெங்கும் இல்லாத உயிர் ஒன்று அங்கே இருப்பதாக ஆய்வுக் கழகம் சொல்லிவிட்டால் குளத்தைத் தொடக் கூடாது என்பது காட்டுச் சட்டம்.

கழகத்தின் அறிஞர் முனைவர் கொக்கு. அதே குளக்கரையில்தான் குடியிருந்தார். அவருடைய தாத்தா தவளையைக் கண்டவுடன் தின்றார். அப்பா பெயரைக் கேட்டுவிட்டுத் தின்றார். இவர் மெத்தப் படித்தவர், தின்பதில்லை. சாராய ஜாடியில் போட்டு, தானே ஒரு பெயர் வைப்பார். இயற்கை ஆய்வு அந்தக் காட்டில் இப்படித்தான் வளர்ந்தது.

மாசானம் என்ற தவளையும் அவன் மனைவி பேச்சியும் அவரிடம் போய் நின்றார்கள்.

"ஐயா, எங்க தொண்டையப் பாத்தாலே தெரியுமே, நீலம்!" என்றாள் பேச்சி.

"உயிரோட இருக்கறதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா. ஜாடியில இருக்கணும்."

மாசானத்துக்குக் குளத்திலிருந்த தலைப்பிரட்டைகள் நினைவுக்கு வந்தன. "பிள்ளைகளைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஜாடிக்குள் குதித்தான்.

கழகம் கூடியது. தலைவர் சிங்கம் ஜாடியைத் தூக்கிப் பார்த்தது. சாராயத்தில் ஊறிய மாசானம் சாயம் போய்ச் சாம்பலாகக் கிடந்தான்.

"சாதாரணத் தவளை. குளத்தை மூடலாம்."

பேச்சி பதறிப்போய் மேசைமேல் ஏறித் தொண்டையை உப்பிக் காட்டினாள். "என்னப் பாருங்கய்யா, நீலம்!"

கொக்கு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா! ஜாடியில இருக்கறது சாம்பல். அப்படின்னா நீ வேற இனம். யாரங்கே, இன்னொரு ஜாடி!"

பேச்சி விடவில்லை. "முனைவரே, உங்க இனத்துக்கு ஜாடி எங்க இருக்கு?"

கொக்கு அசட்டுச் சிரிப்பு சிரித்தார். கழகத்தில் கொக்கு ஜாடியே கிடையாது. சிங்கமோ சட்டம் என்றால் கறார். "ஜாடியில் இல்லாத ஆளா இத்தனை நாள் கையெழுத்துப் போட்டது?" என்று உறுமியது. பெரிய ஜாடி ஒன்று வந்தது.

அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பார்த்தால், கொக்கு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தார். சாயம் போகவே இல்லை. சபை கைதட்டியது. "அரிய இனம்! இவர் வாழ்ந்த குளத்தை யாரும் தொடக் கூடாது" என்று சிங்கம் தீர்ப்புச் சொன்னது.

பேச்சி சந்தோஷம் தாங்காமல் குளத்துக்குத் துள்ளி ஓடினாள். கரையில் 'கொக்குகள் சரணாலயம்' என்று புதுப் பலகை நட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துக் காடுகளிலிருந்தெல்லாம் கொக்குகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. யாரும் படித்தவர்கள் இல்லை. தாத்தா காலத்து முறைப்படியே ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள்.

நீதி: நீ இருக்கிறாய் என்று நிரூபிக்கச் செத்துக் காட்டினால் மட்டும் போதாது, வெள்ளையாகவும் பிறந்திருக்க வேண்டும்.