கோடு டாக்டரின் மரியாதை

பெங்களூரிலேயே, மரியாதையாகப் பேசினால் நோயாளிகள் நடுங்கிய ஒரே டாக்டர் எங்கள் கோடு டாக்டர்தான். பிரேசர் டவுனில் அப்பா அடிக்கடி போய்ப் படுத்த ஆஸ்பத்திரியில் இருந்தார். நிஜப் பெயர் கதவில் எழுதியிருந்தது. யார் படித்தார்கள்?

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள். ஸ்கேன் என்றால் வயிற்றுக்கும் கர்ப்பத்துக்கும்தான் என்று ஊரே நம்பியபோது, இந்த மனுஷன் இதயம் பலவீனமானவர்களின் நெஞ்சில் பசையைத் தடவி நுரையீரலைப் பார்ப்பார். காற்றுப் பையில் என்னய்யா தெரியும் என்று மற்ற டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உள்ளே நீர் கோத்திருந்தால் திரையில் வெள்ளைக் கோடுகள் இறங்கும். மருந்தில் கோடு குறைந்தால் ஆள் தாக்குப்பிடிப்பார், குறையாவிட்டால் ஆபத்து. அவ்வளவுதான் அவருடைய ஜோசியம்.

அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கோடு குறைந்திருந்தால் சந்தோஷத்தில் கண்டபடி திட்டுவார். திட்டு தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடியும். கோடு நிறைய இருந்தால் குரல் தணிந்து, 'வாங்க, போங்க' வந்துவிடும். வார்டு முழுக்க இது தெரியும். திட்டு வாங்கியவர் பக்கத்துக் கட்டிலுக்கு ஸ்வீட் கொடுப்பார். ஒரு முறை டாக்டர் தொண்டை கட்டி மெதுவாகப் பேசப்போக, பாதி வார்டு ஊருக்குப் போன் போட்டுச் சொந்தக்காரர்களை வரவழைத்துவிட்டது.

அப்பாவுக்கு உப்பு ஆகாது. சிவாஜிநகர் துணிக்கடையில் காலமெல்லாம் நின்ற மனுஷன், தலையணை உறைக்குள் மாங்காய் ஊறுகாய் ஒளித்து வைத்திருந்தார். டாக்டர் பிடித்துவிட்டார்.

"யோவ், ஊறுகாய்த் திருடா! உனக்கெல்லாம் மாத்திரை ஒரு கேடா? நாளைக்கே வீட்டுக்குப் போய்த் தொலை."

அப்பாவுக்கு அப்படி ஒரு பெருமை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதை நடித்தே காட்டினார்.

கடைசித் தடவை படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். ஊசி மேல் ஊசி போட்டும் கால் வீக்கம் வடியவில்லை. டாக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். பசையைத் தானே துடைத்து, அப்பாவின் சட்டைப் பித்தானையும் போட்டுவிட்டார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வாட்டி திட்டிட்டுப் போங்க டாக்டர். பையன் பயப்படுறான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "யோவ், ஊறுகாய்..." என்று தொடங்கினார். மேற்கொண்டு வரவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

இப்போது எனக்கும் அப்பாவின் இதயம்தான். போகிற ஆஸ்பத்திரியிலெல்லாம் சார், சார் என்று தேனாகப் பேசுகிறார்கள். யோவ் என்று கூப்பிட அந்த மனுஷன் இல்லையே என்றிருக்கிறது.