வீராசாமி ரைஸ் மில் வெப்சைட் திறப்பு விழா

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் ஒரு வீர முடிவு எடுத்தேன். இன்று முழுக்க என் மனைவி தேவயானி போனைத் தொடக் கூடாது. அதை அவளிடம் நேரில் சொல்லும் வீரம் மட்டும் வரவில்லை.

காரணம் இருக்கிறது. வருஷம் 2002. உத்திரமேரூரில் வெப்சைட் செய்து பிழைக்கப் பார்த்த ஒரே ஆசாமி நான். வலைத்தளம் போடுகிறேன் என்றால், ஏரியில் என்ன மீன் விழுந்தது என்று கேட்பார்கள். முதன்முதலாக ஒரு பெரிய மனிதர் சிக்கியிருந்தார், ரைஸ் மில் முதலாளி வீராசாமி. அவருக்குப் பிடித்துவிட்டால் அவர் அண்ணன் தம்பிகளின் கடை, மண்டபம் எல்லாம் என் கைக்கு வரும். சொதப்பினால் கடையைக் கட்டிவிட்டு, மாமனார் பார்த்துவைத்த உர டிப்போ வேலைக்குப் போக வேண்டியதுதான்.

வீராசாமியின் நிபந்தனை ஒன்றே ஒன்று. "ராகு காலம் பொறக்கறதுக்குள்ள தொறந்துடணும் தம்பி." வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம்.

இன்டர்நெட்டுக்குப் போன் லைன்தான் வழி. நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் அறுந்துபோகும். தேவயானி தூக்கினால் லேசில் கீழே வைக்க மாட்டாள். அதனால் ஹால் போனின் வயரைப் பிடுங்கிக் கம்ப்யூட்டர் அறைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

"ஏங்க, போன்ல சத்தமே இல்ல?"

"லைன் டெட்."

"ஐயய்ய! இன்னிக்கு என் தங்கச்சிய பொண்ணு பாக்க வராங்க. மாகறல்லேர்ந்து அம்மா போன் பண்ணுவாங்க. பேஜாரா பூடுமே!"

"அதுக்கு நான் இன்னா பண்றது? நாளைக்குப் பேசிக்கோ."

"செரி."

கல்யாணமான நாளாக அவள் இத்தனை சுலபமாகச் சரி சொன்னதில்லை. நான் உஷாராகியிருக்க வேண்டும். மடையன், சந்தோஷப்பட்டேன்.

வீராசாமி தேங்காய், கற்பூரம், ஒரு முழு ரோஜா மாலையோடு வந்தார். மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைத்தார். மாலை பாதித் திரையை மறைத்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பக்கங்களை ஏற்ற ஆரம்பித்தேன். பாதி ஏறியது. முக்கால் ஏறியது. அவர் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தீப்பெட்டியை எடுத்தார்.

லைன் அறுந்துவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் கம்பத்தில் லைன்மேன் சின்னராசு! காலில் விழுந்தாலும் வராத மனிதன், கட்டிங் பிளேயரும் கையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே மோர்ச் சொம்புடன் தேவயானி.

ஓடினேன். வீராசாமியும் பின்னாலேயே வந்தார்.

"யோவ், இன்னா பண்ணிகினு கீற?"

"லைன் டெட்டுன்னு அக்கா ஆபீசாண்ட வந்து குந்திகினாங்க, எழுந்துக்கவே இல்ல சார். கயட்டிப் பாத்துகினு கீறேன்."

தேவயானி என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான சொன்னீங்க? டெட்டா, இல்லியா? அவருக்குச் சொல்லுங்க."

டெட் என்றால் வீராசாமி நடையைக் கட்டுவார். இல்லை என்றால் பெண்டாட்டியிடம் புளுகியது தெருவுக்கே தெரிந்துவிடும். கடிகாரமோ எனக்காக நிற்கவில்லை.

"டெட் இல்ல! நான்தான் பொய் சொன்னேன்! மாட்டித் தொலைய்யா!" என்று அலறினேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "செத்த போனு உள் ரூம்புல கீச்சு கீச்சுன்னு கத்திகினு இருந்திச்சே."

இன்டர்நெட்டைக் கூப்பிடும்போதெல்லாம் கத்தும் பாழாய்ப்போன மோடம். அதன் வாயைக் கட்ட மறந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, சின்னராசு எங்கள் லைனில் மாட்டியிருந்த டெஸ்ட் போன் மணி அடித்தது.

"அக்கா! மாகறல்லேர்ந்து உங்கம்மா!"

"இன்னா ஆச்சின்னு கேளு!"

"யோவ், அத வெச்சிட்டு லைன மாட்டுய்யா!"

"இருங்க சார், நல்ல காரியம் பேசிகினு கீறாங்க. அக்கா, பஜ்ஜி சாப்ட்டாங்களாம்!"

"பஜ்ஜி கெடக்கட்டும். மாப்ள இன்னா சொன்னாரு?"

"வாயே தொறக்கலியாம்!"

வீராசாமி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "பையன் இன்னா வேல பாக்கறான்னு கேளுப்பா!" எனக்கு உயிர் போய்விட்டது.

சொந்த வீடா, சம்பளம் எவ்வளவு, மாமியார் எப்படி என்று கேள்விகள் கம்பம் ஏறின, பதில்கள் கம்பம் இறங்கின. கடைசியில் சின்னராசு கூவினான். "புடிச்சிப்போச்சாம்க்கா! தட்டு மாத்திக்கலாம்னு சொல்லிட்டாங்களாம்!"

தேவயானி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராகு காலம் எப்போதோ பிறந்திருந்தது. என் தொழிலுக்குத் தலைமுழுக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஐயா..." என்று இழுத்தேன்.

"பன்னெண்டுக்கு மேல தொறந்துக்கலாம் தம்பி. ஆனா நீ வேணாம். வூட்டுலயே பொய் சொல்ற ஆளு, கைராசி எப்டி இருக்கும்? நல்ல சேதி கேட்டுகினு நிக்குது பாரு, அந்தம்மா தொறக்கட்டும்."

சின்னராசு லைனை மாட்டி, நான் மீதிப் பக்கங்களை ஏற்றி முடித்ததும், பன்னிரண்டு தாண்டி தேவயானி ஒரே ஒரு விரலால் தட்டினாள். மில் திரையில் வந்தது. வீராசாமி பூரித்துப்போய், அண்ணன் மண்டபத்துக்கும் ஒன்று செய்யச் சொன்னார். ஒரு திருத்தம் மட்டும் கேட்டார். கல்வெட்டு வைக்காத திறப்பு விழா அவர் பரம்பரையிலேயே கிடையாதாம்.

ஆகவே அந்தப் பக்கத்தின் அடியில், 'வடிவமைப்பு: வேதகிரி' என்று நான் போட்டிருந்த இடத்தில், இப்போது கொட்டை எழுத்தில் இப்படி இருக்கிறது: 'திறந்து வைத்தவர்: திருமதி தேவயானி.'

டைப் அடித்தது நான்தான்.