இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு இருபத்தேழு வயது ஆகவேண்டியிருந்தது. அதையும் நானாகச் சொல்லவில்லை, சொல்லவைத்தார்கள்.

பெரம்பலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கணினி முன்னால் உட்காரும் வேலை எனக்கு. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, கணினி முன்னால் உட்காருகிறவள்தான் கணினியையே கண்டுபிடித்தவள். டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (பேட்டரியை மாற்றிப் போட்டுவிட்டு நானும் ஏதோ சாதித்த மாதிரிதான் எழுந்து வருவேன்.)

அப்பாவுக்கு வேப்பந்தட்டையில் விதைக்கடை. வீட்டில் ஒரு லேப்டாப் உண்டு. வாங்கும்போது அதில் கடிதம் அடிக்க, அட்டவணை போட எல்லாம் ஒரு வருடச் சந்தாவோடு மென்பொருள் இருந்தது. வருடம் முடிந்த அன்று திரையின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வந்து உட்கார்ந்துகொண்டது. சந்தா முடிந்துவிட்டது, பணம் கட்டுங்கள், அதுவரை உங்கள் கோப்புகளை நீங்கள் பார்க்கலாம், தொடமுடியாது என்றது.

“கட்டிடலாம்மா” என்றார் அப்பா. “காசு குடுத்து வாங்குன பொருள்னா, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போயி சண்டை போட ஒரு ஆளாவது இருப்பான்.”

நான் சிரித்தேன். நிபுணர்கள் சிரிக்கிற மாதிரி, மூக்கால்.

“இப்ப யாருப்பா இதுக்கெல்லாம் காசு குடுக்குறா? எல்லாமே ஆன்லைன்ல சும்மா கிடைக்குது. நீங்க கடையில எழுதுனா அம்மா வூட்டுல பார்க்கலாம். தொலையாது, அழியாது. யாரு வேணும்னாலும் எங்கேருந்து வேணும்னாலும் பார்க்கலாம்.”

“யாரு வேணும்னாலுமா?” என்றார் அப்பா.

அவர் கேட்ட விதத்தை நான் கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை. அன்று மாலையே கடையின் விலைப்பட்டியல், அம்மாவின் சமையல் குறிப்பு, ஜெபக்கூட்டப் பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் இலவச இடத்துக்குக் குடியேற்றிவிட்டேன்.

அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த வரன்களை அம்மா பழைய டைரி ஒன்றில் எழுதிவைப்பார். அரியலூரில் இருக்கும் அத்தை (அப்பாவின் அக்கா) தினமும் போனில் கூப்பிட்டு, “அந்த ரெண்டாவது பையன் என்ன படிச்சான்னு சொன்ன?” என்று கேட்பார். அம்மா டைரியைத் தேடுவார். டைரி கிடைப்பதற்குள் அத்தைக்குக் கேள்வி மறந்துபோகும். இந்தத் துன்பத்திலிருந்து குடும்பத்தை மீட்க நான் ஓர் அட்டவணை தயாரித்தேன்.

முதல் பக்கத்தில் என் பயோடேட்டா. இரண்டாவது பக்கத்தில் ‘மாப்பிள்ளை பட்டியல்’. பெயர், படிப்பு, வேலை, ஊர், கடைசியாக ‘நம்ம கருத்து’ என்று ஒரு கட்டம். அதில் அவரவர் மனதில் பட்டதை எழுதிக்கொள்ளலாம். அத்தைக்குக் கடவுச்சொல் நினைவில் நிற்காது. அதனால் ‘இணைப்பு வைத்திருக்கும் எவரும் திருத்தலாம்’ என்று கதவைத் திறந்துவிட்டேன். யார் வரப்போகிறார்கள், நம் வீட்டு ஆட்கள்தானே?

அவர்கள் ஆசையாக எழுதினார்கள். நேரில் பேசும்போது எல்லோருக்கும் நல்லவர்களாக இருந்தவர்கள், கட்டத்துக்குள் வந்ததும் வேறு ஆட்களாக மாறிவிட்டார்கள்.

நாலாவது வரிசையில் ஸ்டீபன் என்று ஒருவர். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பொறியாளர். ஊர் வரதராஜன்பேட்டை. அம்மா லூர்துமேரி, ரிட்டயர்டு தமிழ் டீச்சர். அவருக்கு நேரான கட்டத்தில் அம்மா, ‘பையன் லட்சணம். முடி விஷயம் மட்டும் யோசிக்கணும்’ என்று எழுதியிருந்தார். அத்தை, ‘அவங்களுக்கு முந்திரித் தோப்பு இருந்துச்சு. இப்ப இருக்கா, வித்துட்டாங்களா தெரியல’ என்று எழுதியிருந்தார். நான் எழுதியது இது:

‘மாமியாரைப் போட்டோவில் பார்த்தேன். மூக்கு கண்ணாடி வழியாக பார்ப்பதை பார்த்தால், சுவற்றில் சாயக்கூட விடாமல் நிற்கவைத்துப் பரிட்சை நடத்துவார் போல.’

எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துச் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை அந்த வீட்டிலிருந்து பயோடேட்டா கேட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய பழைய மென்பொருளாக இருந்தால் தனியாக ஒரு கோப்பு அடித்து அனுப்பியிருப்பேன். இங்கேதான் இணைப்பு இருக்கிறதே! முதல் பக்கத்தைத் திறந்துவைத்து இணைப்பை நகலெடுத்தால், முதல் பக்கம் மட்டும்தான் போகும் என்று நான் நம்பினேன். (அலுவலகத்தில் மூன்று பேருக்கு அப்படித்தான் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.) ஸ்டீபன் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தோம். அத்தையும் அரியலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அத்தைக்குச் சின்ன எழுத்துத் தெரியாது என்பதால் லேப்டாப்பை டிவியோடு இணைத்து, மாப்பிள்ளை பட்டியலைப் பெரிதாகக் காட்டினேன். அப்பா, அம்மா, அத்தை மூவரும் பணியாரத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

திரையின் மேல் மூலையில் பச்சை வட்டம் ஒன்று தோன்றியது. பக்கத்தில் ‘பெயர் தெரியாத கங்காரு’ என்று இருந்தது.

“அது என்னடி மிருகம்?” என்றார் அம்மா.

“யாராவது பேரைப் பதியாம உள்ள வந்தா இப்படி ஏதாவது ஒரு பேரு அதுவே வச்சுடும்மா. அத்தையா இருக்கும்.”

“நான் இங்கல்ல இருக்கேன்?” என்றார் அத்தை. அவருடைய இரண்டு கையிலும் பணியாரம் இருந்தது.

பச்சைக் கட்டம் ஒன்று முதல் வரிசையில் நின்றது. படிக்கிற நேரம் நின்றது. இரண்டாவதுக்கு இறங்கியது. மூன்றாவதில் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. பிறகு நாலாவது வரிசைக்கு வந்து, அத்தை எழுதிய முந்திரித் தோப்பு வாக்கியத்தின் கடைசியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

‘இருக்கிறது. மூன்று ஏக்கர்.’

அத்தையின் கையிலிருந்த பணியாரம் தரையில் உருண்டது.

“மாதாவே!” என்றார் அம்மா.

டிவியில் அந்தப் பச்சைக் கட்டம் என்னுடைய வாக்கியத்துக்கு நகர்ந்தது. ‘மூக்கு’ என்பதற்குப் பின்னால் ஒரு ‘க்’ வந்தது. ‘வழியாக’ என்பதற்குப் பின்னால் ஒரு ‘ப்’. ‘பார்ப்பதை’ என்பதற்குப் பின்னால் இன்னொரு ‘ப்’. ‘சுவற்றில்’ அழிந்து ‘சுவரில்’ ஆனது. ‘பரிட்சை’ ஒரு சுழி வாங்கிக்கொண்டு ‘பரீட்சை’ ஆனது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இடையில் அவசரமே இல்லாத ஒரு இடைவெளி. கடைசியில், சிவப்பு நிறத்தில்:

‘ஐந்து பிழைகள். கருத்து சரி.’

“அந்த டீச்சரேதான்!” என்று அலறிய அத்தை, பாய்ந்து போய் டிவியின் ஸ்விட்சை அணைத்தார். “இப்ப அவங்களுக்குத் தெரியாதுல்ல?”

“அத்தே, நம்ம டிவியை அணைச்சா அவங்களுக்கு எப்படி மறையும்?”

“அழிடி! எல்லாத்தையும் அழி!” என்றார் அம்மா.

லேப்டாப்பில் நாலாவது வரிசையை முழுதாக அழித்தேன். அவசரத்தில் ஐந்தாவது வரிசையும் சேர்ந்து போனது. அப்பாடா என்று மூச்சுவிடுவதற்குள் காலியான கட்டத்தில் எழுத்துகள் ஓடின.

‘அழிக்க வேண்டாம். இன்னும் படித்து முடிக்கவில்லை.’

நான் அழித்ததைத் திரும்ப எடுத்து வைத்தேன். வேறு என்ன செய்ய? டீச்சர் சொல்லிவிட்டாரே. நாங்கள் நாலு பேரும் லேப்டாப்பைச் சுற்றி மூச்சுக்காட்டாமல் நிற்க, அவர் பதினொரு வரிசையையும் படித்து முடித்தார். கங்காரு மறைந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“ஏம்மா, இப்ப யாருகிட்ட போயி சண்டை போடுறது?”

மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை. கதவைத் திறந்துவைத்தவள் நான், வழி சொல்லி அனுப்பியவளும் நான்.

அப்பாவின் போன் அடித்தது. பயோடேட்டாவில் அவர் எண்ணைத்தான் போட்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

“வணக்கங்க. ஸ்டீபனோட அம்மா பேசுறேன். பயோடேட்டா பார்த்தேங்க. நல்லாருக்கு.”

“அம்மா, மன்னிச்சுக்கங்க. புள்ள தெரியாம…” என்றார் அப்பா. எனக்காக அவர் ஒருவரிடம் கெஞ்சுவதை அதற்குமுன் நான் கேட்டதில்லை. நடந்ததிலேயே அதுதான் எனக்கு வலித்தது. முந்திக்கொண்டு போனை வாங்கினேன்.

“டீச்சர், அதை எழுதுனது நான்தான். எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களைப் பார்த்ததுகூட கிடையாது, அப்படி எழுதுனது தப்பு. எனக்குக் கம்ப்யூட்டரும் அவ்வளவா தெரியாதுங்க.”

“தமிழுந்தான்” என்றார் அவர். “வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வரலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். எம்பையனுக்கு மேல இருக்குற அந்த மூணு பேரும் முடிவாயிட்டாங்களா?”

“இல்லைங்க” என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டது எனக்கு நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் வந்து நின்றது. முதலில் இறங்கிய ஸ்டீபனைப் பார்த்து அம்மா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தலையில் ஒரு முடி இல்லை. பளபள என்று மொட்டை.

“நேத்து வேளாங்கண்ணி போயிருந்தேங்க, ரொம்ப நாள் வேண்டுதல்” என்றார் அவர், என் அம்மாவைப் பார்த்து. “முடி விஷயமா நீங்க இனிமே யோசிக்க வேண்டியதில்லை.”

அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்தார். நான் காபித் தட்டோடு நின்றேன். லூர்துமேரி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தார். நான் நினைத்ததைவிட அது மோசமாக இருந்தது.

“கிணறு, கிணற்றில். கடைசி எழுத்து என்ன?”

“று, டீச்சர்.”

“சுவர்ல?”

“ர்.”

“அப்புறம் அது எப்படிச் சுவற்றில் ஆகும்?”

“ஆகாதுங்க. சுவரில்.”

“ம். உக்காரு.”

எனக்குப் பக்கத்தில் இருந்த அத்தையும் தானாகவே நேராக நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சர் தட்டிலிருந்து காபியை எடுத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் உதடு லேசாகத் துடிப்பதைக் கவனித்தேன். அந்த அம்மா வந்ததிலிருந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு ஸ்டீபன் சொன்னதுதான் முழுக்கதை. இணைப்பைத் திறந்து பார்த்து ஆடிப்போனவர் அவர். இந்த வீடே வேண்டாம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார். “நாம பொண்ணு பார்த்தப்ப நம்ம வூட்டுல பேசுனதை யாராவது எழுதி வச்சிருந்தா என்னடா ஆயிருக்கும்?” என்று கேட்டது டீச்சர்தான். அதன்பிறகு மகனை நகரச் சொல்லிவிட்டு, அவரே கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நாலு மாதத்தில் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழை டீச்சர் பிழை திருத்தினார், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அந்தக் கங்காரு வந்த மறுநாளே சந்தா கட்டி, காசு கொடுத்த மென்பொருளுக்குத் திரும்பிவிட்டார். அதில் விலைப்பட்டியல் அடித்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுத்தான் யாருக்கும் கொடுக்கிறார். என் மாமியாரோ இலவசக் கட்சி. தெருப் பிள்ளைகளின் கட்டுரைகளை எல்லாம் ஆன்லைனிலேயே திருத்துகிறார். எதற்கு எது என்று இரண்டு பேரும் என்னைக் கேட்பதில்லை.

ஆனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. யாராவது யாரைப் பற்றியாவது குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தால், உடனே இன்னொருவர், “லிங்க் யாருகிட்ட இருக்கு?” என்று கேட்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். போன கிறிஸ்துமஸுக்கு வரதராஜன்பேட்டையில் எல்லோரும் கூடியிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“உன் மாமியா இருக்காங்களே…”

“லிங்க் யாருகிட்ட இருக்குக்கா?” என்றார் அப்பா.

அத்தை வாயை மூடிக்கொண்டார். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

“எங்கிட்டதான் இருக்கு. நிறுத்தாதீங்க, சொல்லுங்க.”