முளைப்பாரியில் போய்ச் சேர்ந்த முப்பத்தாறு பிள்ளைகள்

இந்த வாரம் எனக்குக் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு தட்டு நாற்றுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவ்வளவுதான்.

நாற்று என் தங்கச்சியுடையது. பார்லி ஆராய்ச்சி செய்கிறாள். கஞ்சி காய்ச்சுவோமே, அதே பார்லிதான். ஒவ்வொரு பூவாகப் பிரித்து, இரண்டு ரகத்தைக் கையாலேயே கலந்து, வந்ததை மறுபடி ஒரு ரகத்தோடு சேர்த்து, இரண்டு வருடத்தில் அவளுக்குக் கிடைத்தது முப்பத்தாறு விதை. அதை ஒரு குழித்தட்டில் போட்டு, குழிக்கு ஒரு நம்பர் குச்சி நட்டு, போடியில் எங்கள் வீட்டு உள்ரூமில் வைத்துவிட்டு மலைமேல் இருக்கிற அவள் வயலுக்குப் போய்விட்டாள்.

வெளிச்சமே படக்கூடாதாம். இருட்டில் வளர்ந்த இலை வெளிறிப்போய் மெலிசாக இருக்குமாம், மரபணுவைப் பிரித்தெடுக்க அதுதான் வசதியாம். வியாழக்கிழமை சாயங்காலம் ஐஸ் பெட்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

அதே ரூமில் இன்னொன்றும் இருட்டில் இருந்தது. எங்கள் வீட்டு முளைப்பாரி.

வியாழக்கிழமைதான் அம்மன் கோவில் முளைப்பாரியும். வீட்டுக்கு ஒரு சட்டி. நவதானியத்தை விதைத்து, இருட்டில் முளைக்க வைத்து, தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்போம். முளை செழிப்பாக வந்தால் வீடு செழிக்கும் என்பார்கள். வராவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. முகத்தைத்தான் திருப்பிக்கொள்வார்கள்.

எங்கள் சட்டி வரவில்லை.

காரணம் நான்தான். பாப்பாவுக்குப் பத்து மாசம். அவள் பிறந்ததிலிருந்து எதைப் பார்த்தாலும் எனக்குக் கிருமியாகத்தான் தெரிகிறது. நவதானியம் கடையில் எத்தனை கை பட்டதோ என்று பயந்து, பால் பாட்டிலுக்கு ஊற்றுகிற மாதிரி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். கான்வென்ட்டில் விதை முளைப்பதற்குப் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். முழு மார்க்.

முளைத்தது ஏழே ஏழு. வளர்க்கிறவரைத் தவிர யாரும் முளைப்பாரியை எட்டிப் பார்க்கக்கூடாது என்பதால், என் மாமியார், அதாவது அத்தை, ரூம் வாசலில் இருந்தபடியே தினமும் கேட்பார், எப்படி வருது என்று. நல்லா வருது அத்தை என்பேன். பயம். புள்ளை இருக்கிற வீட்டில் முளைப்பாரி கருகிப்போச்சு என்று எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை பாப்பாவுக்குத் தடுப்பூசி. ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். நான் வீடு திரும்பும்போது மணி நாலு. வீட்டில் யாரும் இல்லை. உள்ரூமைத் திறந்தேன்.

ஏழு முளைச் சட்டி அப்படியே இருக்கிறது. குழித்தட்டு காலி.

எதிர்வீட்டு மதினியிடம் ஓடிக் கேட்டேன். அவர் என்னைப் பாராட்டினார். நான் தட்டில் புது மாதிரியாக வளர்த்திருந்ததாகவும், அத்தை அதை அலுங்காமல் புதுச் சட்டிக்கு மாற்றிக் கோவிலுக்குக் கொண்டுபோய்விட்டதாகவும், தெருவிலேயே எங்கள் முளைப்பாரிதான் ஜோர் என்றும் சொன்னார். நல்லா வருது என்று நான்தானே சொன்னேன். அந்த ரூமில் நல்லா வந்திருந்தது ஒன்றுதான்.

குச்சிகள் குப்பைக் கூடையில் கிடந்தன. தங்கச்சிக்குப் போன் போட்டேன். ஜீப்பில் மலையிறங்கிக்கொண்டிருந்தாள்.

“நாத்து தட்டுல இல்லடி.”

“செத்துப்போச்சாக்கா?”

“இல்ல. கோவிலுக்குப் போயிருக்கு.”

டிரைவரை வேகமாக ஓட்டச் சொல்வது கேட்டது. பிறகு நிதானமாகச் சொன்னாள். எல்லாம் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவைதான், குச்சி போனால் புது நம்பர் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பிள்ளை பார்லி இலையைத் தாக்குகிற துருநோயைத் தாங்கும் என்று இலைத் துண்டே சொல்லிவிடும். ஆனால் செடி உயிரோடு வேண்டும்.

“தண்ணிக்குள்ள மட்டும் விட்டுறாதக்கா. எங்கிட்ட வேற விதை இல்ல.”

அழப்போகிற குரல். கரைப்பது ஆறு மணிக்கு.

வெறும் கையோடு போய்ச் சட்டியைக் கேட்டால் அத்தை எதைக் கரைப்பார்? வேறு வழியில்லை. பாப்பா இடுப்பில், ஏழு முளைச் சட்டி தலையில். தெரு முழுக்க நடந்தேன். எதிரே வந்த ஆட்டோக்காரர்கூட என் தலையைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கோவில் முன்னால் சட்டிகளை நடுவில் வைத்துக் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள். பார்லி எல்லாவற்றுக்கும் மேலே, மஞ்சளாக, நெட்டுக்குத்தாக நின்றது. அத்தை முகத்தில் அப்படி ஒரு பெருமை. கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

“அத்தை, நம்ம வீட்டு முளைப்பாரி இது. அது தங்கச்சியோடது.”

கும்மி நின்றது.

“நல்லா வருதுன்னு சொன்னியேத்தா?”

“சுடுதண்ணி ஊத்திட்டேன் அத்தை. கிருமி போகட்டும்னு.”

அத்தை என்னைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார்.

“நல்லவேளை, புள்ளைய வெதுவெதுன்னுதான் குளிப்பாட்டுற.”

அவ்வளவுதான், கூட்டமே சிரித்தது. மதினிதான் முதலில் தன் சட்டியிலிருந்து ஒரு பிடி பிடுங்கி என் சட்டியில் நட்டார். பிறகு ஆளுக்கொரு பிடி. பத்து நிமிஷத்தில் ஏழு முளை எது என்று எனக்கே தெரியவில்லை. அதைத்தான் ஆறு மணிக்கு அத்தை கண்மாயில் கரைத்தார்.

அதற்கு முன்னாலேயே, அஞ்சரைக்கெல்லாம் தங்கச்சி வந்துவிட்டாள். கோவில் வாசலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து மூன்று தடவை எண்ணினாள். முப்பத்தாறும் இருந்தது. ஒவ்வொன்றிலும் இலை நுனியை வெட்டிச் சின்னக் குப்பியில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்தாள். சுற்றி நின்ற பெண்கள், முளைப்பாரிக்கு ரத்தப் பரிசோதனையா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள்.

செடிகளை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனாள். அத்தை அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன வளத்தி, என்ன வளத்தி. அடுத்த வருசத்துக்கு உன் தங்கச்சிகிட்டச் சொல்லி அந்த வெதையில ஒரு படி வாங்கி வச்சிரு. தெருவுக்கே குடுக்கலாம்.”

சரிங்கத்தை என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று சொல்வதற்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.