கழலாத மோதிரம்

டிராம் ஃபிளிண்டர்ஸ் தெருவுக்குள் திரும்பிய பிறகும் மோதிரம் கழலவில்லை.

திங்கட்கிழமைதோறும் வீட்டு வாசலில் டிராம் ஏறும்போது லோர்னா திருமணமானவள். அலுவலக வாசலில் இறங்கும்போது ஆகாதவள். வார இறுதிக்கு மட்டும் போட்டுக்கொண்ட மோதிரம் நடுவழியில் விரலைவிட்டுக் கைப்பைக்குள் போய்விடும். மூன்று ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் நேர்ந்ததில்லை. இன்று, கோடை தொடங்கும் நவம்பர் வெயிலில், விரல் வீங்கியிருந்தது. எச்சில் தொட்டுத் திருகியதில், பக்கத்து இருக்கைக்காரர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் மிச்சம்.

அரசு அலுவலகத்தில் நிரந்தரப் பணியிலிருக்கும் பெண் மணந்துகொண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். ஆணுக்கு அப்படி ஒரு விதி இல்லை. அவன் மணந்துகொண்டால் கை குலுக்குவார்கள். லோர்னாவும் க்ளைவும் முதலில் வீட்டுக் கடனுக்காகத் திருமணத்தை மறைத்தார்கள். க்ளைவ் சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு முடங்கியபின், வயிற்றுக்காக மறைத்தார்கள். ஊர்க்கண் படக்கூடாதென்று, தொலைவில் பல்லாரட்டில் ஒரு சிறு தேவாலயத்தில் நடந்த திருமணம் அது. திரைக்குப் பின்னால் யாரோ ஆர்கனை முழக்கிய வேகத்துக்கு மணமகள் நடந்து வர முடியவில்லை, ஓடித்தான் வந்தாள். "என்மேல அவ்வளவு ஆசையா?" என்று க்ளைவ் இன்றுவரை கேலி செய்கிறான்.

லோர்னா விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தட்டச்சுப் பிரிவுக்குள் நுழைந்தாள்.

"விரல்ல என்ன?"

கேட்டவர் பிரிவின் தலைவி மிஸ் பென்ரோஸ். இசைத்தட்டில் அணிவகுப்பு இசையைச் சுழலவிட்டு, அளவுகோலால் மேசையில் தாளம் தட்டி, ஒரு தலைமுறைத் தட்டச்சர்களைப் பயிற்றுவித்தவர். அறையின் மறுகோடியிலிருந்தே பிழையான காற்புள்ளியைக் கண்டுபிடிப்பார். தேநீர் வண்டி தள்ளும் மிசஸ் டோபினிடம் தவிர வேறு எவரிடமும் அவர் சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"கதவுல நசுங்கிடுச்சு, மிஸ் பென்ரோஸ்."

"நசுங்கின விரலால எப்படித் தட்டச்சு பண்ணுவீங்க?"

"குடு, நான் மருந்து போடறேன்!" என்று அடுத்த மேசை ஹேசல் பாய்ந்து வந்து கைக்குட்டையை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் கூவினாள். "ஐயோ, மோதிரம்!"

"நிச்சயம் ஆயிடுச்சு," என்றாள் லோர்னா. வேறொன்றும் தோன்றவில்லை.

"நிச்சய மோதிரத்துல கல்லையே காணோமே?"

"அவருக்குக் கல்லு பிடிக்காது."

கூச்சல் கேட்டுத் தலைமை எழுத்தர் ஆக்லண்ட் வந்தார். மணமுடித்துப் போகும் பெண்களுக்கான பிரிவுபசார உரை ஒன்று அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

"ரொம்ப சந்தோஷம், மிஸ் ட்ரெகியர்! எப்படியும் போகத்தானே போறீங்க, ராஜினாமாவை உடனே குடுத்துடுங்க. புதன்கிழமை பிரிவுபசாரத் தேநீர் வச்சுடுவோம்."

"வெள்ளிக்கிழமை," என்றார் மிஸ் பென்ரோஸ்.

"ஏன், புதன்கிழமைக்கு என்ன?"

"புதன்கிழமை இயந்திரங்களுக்கு நாடா மாத்துற நாள். கையெல்லாம் மை. மையோட யாரும் கேக்கைத் தொடக்கூடாது."

வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை யார் என்று கேட்டார்கள். டார்வினில் இருக்கிறார் என்றாள் லோர்னா. அதைவிடத் தொலைவான ஊர் அந்த நேரத்தில் அவள் நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு அவள் உறங்கவில்லை. மறுநாள் பதற்றத்தில் மதிய உணவை மறந்து வந்துவிட்டாள். நண்பகலில் க்ளைவ் ஊன்றுகோல்களோடு, இடுக்கிய பொட்டலத்தோடு, தட்டச்சுப் பிரிவின் வாசலில் வந்து நின்றான்.

"யாரு இது?" என்றாள் ஹேசல்.

"என் அண்ணன்!" என்றாள் லோர்னா.

க்ளைவ் விழித்தான்.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஹேசல் அவனிடமே கேட்டாள்.

"ஆயி..." என்று தொடங்கியவனின் முறியாத காலை லோர்னா மிதித்தாள். "...ருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்," என்று அவன் முடித்தான்.

ஹேசல் மண்டியிட்டு, அவனுடைய மாவுக்கட்டில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஓர் இதயமும் வரைந்தாள். வெள்ளிக்கிழமைத் தேநீருக்கு அவசியம் வரவேண்டும் என்று வாக்கும் வாங்கிக்கொண்டாள்.

"நல்ல பொண்ணு," என்றான் க்ளைவ் மாலையில்.

"உன் இன்னொரு காலையும் நானே உடைச்சுடுவேன்."

"அண்ணன்கிட்ட பேசற பேச்சா இது?"

புதன்கிழமை ஆக்லண்ட் ராஜினாமாக் கடிதத்தைக் கேட்டு வந்தார். லோர்னா கண்ணீரை அடக்கிக்கொண்டு தட்டச்சு செய்தாள். பிரிவிலிருந்து போகும் எந்தக் கடிதமும் மிஸ் பென்ரோஸின் பார்வைக்குத் தப்பாது.

"வலது ஓரம் கோணல். திரும்ப அடிங்க."

திரும்ப அடித்தாள்.

"'மிகுந்த வருத்தத்துடன்' எதுக்கு? அரசாங்கக் கடிதத்துல உங்க மனநிலையை யாரும் கேட்கல. திரும்ப."

வியாழக்கிழமை கரிநகலில் கறை இருந்தது. அதற்கடுத்ததில் தேதி தாளின் விளிம்பை ஒட்டியிருந்தது. போகிறவளை நிம்மதியாகப் போகக்கூட விடமாட்டாரா என்று லோர்னா மனத்துக்குள் புழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை மாலை மேசையில் லாமிங்டன் கேக்கும் ஸ்கோன் ரொட்டியும் நிறைந்திருந்தன. நடுவே, கல்யாணப் பரிசாக, நாடா கட்டிய மின்சார வாணலி. ஹேசல் க்ளைவுக்குப் பக்கத்தில் அமர்ந்து கேக்கை ஊட்டாத குறையாக உபசரித்தாள். ஆக்லண்ட் தொண்டையைச் செருமினார்.

"இல்லறம்ங்கிற உயர்ந்த பதவிக்குப் போகிற நம்ம லோர்னா..."

"சார், ஒரு நிமிஷம்!" ஹேசல் எழுந்தாள். "இன்னொரு நல்ல சேதி. நாளைக்கு நானும் க்ளைவும் சேர்ந்து சினிமாவுக்கு..."

"அவர் என் புருஷன்!" என்று அலறினாள் லோர்னா.

கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

"அண்ணன்னு சொன்னியேடி?"

"புருஷன்தான். மூணு வருஷமா."

"அப்ப டார்வின்ல இருக்கிறவரு?" என்றார் ஆக்லண்ட்.

"டார்வின்ல யாருமே இல்ல, சார்."

ஆக்லண்டின் முகம் சிவந்தது. "மூணு வருஷமா அரசாங்கத்தை ஏமாத்தியிருக்கீங்க! மிஸ் பென்ரோஸ், இவங்க மேல உடனே ஒரு குறிப்பு எழுதுங்க!"

"எந்த விதிப்படி?"

"கல்யாணமானா வேலையை விடணும்ங்கிற விதிப்படி!"

"அது இன்னையிலேருந்து இல்லையே. பாராளுமன்றம் முன்னாடியே முடிவு பண்ணிடுச்சு. சுற்றறிக்கை காலையிலேயே உங்க மேசைக்கு வந்துடுச்சு. அதுமேலதான் நீங்க தொப்பியை வச்சிருக்கீங்க."

"பேச்சு நடக்குதுன்னுதானே வருஷக்கணக்கா சொல்லிட்டிருந்தாங்க?"

"பேசி முடிச்சுட்டாங்க. இல்லாத விதியை ஒருத்தி மீறினதா என் பிரிவிலேருந்து குறிப்பு போகாது, சார். ராஜினாமாவும் எனக்கு ஒழுங்கா வந்து சேரல. ஸ்கோன் ஆறுது, எடுத்துக்கோங்க."

ஆக்லண்ட் சிறிது நேரம் தம் உரையைப் பார்த்தார். பெயரை மாற்றிப் பயனில்லை என்று தெரிந்ததும் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒரு ஸ்கோனை எடுத்தார்.

"அப்ப அந்த இதயத்தை அழிச்சுடட்டுமா?" என்றாள் ஹேசல் ஈனக்குரலில்.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் லோர்னா. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, மோதிரம் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். மின்சார வாணலியையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நன்றி சொல்ல அவள் தேடியபோது மிஸ் பென்ரோஸ் தொப்பியை அணிந்துகொண்டிருந்தார். வார இறுதிதோறும் தங்கை வீட்டுக்குப் போகிறவர், ரயிலுக்கு நேரமாகிவிட்டதாம்.

"திங்கட்கிழமை நேரத்துக்கு வாங்க, மிசஸ்..."

"பாஸ்கோ."

"மிசஸ் பாஸ்கோ," என்று திருத்தமாக உச்சரித்துவிட்டுப் போய்விட்டார்.

பின்கட்டில் மிசஸ் டோபின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிசஸ் டோபினுக்குத் திருமணமாகியிருந்தது. ஆகையால் நிரந்தரப் பணி கிடையாது. ஆகையால் எவரிடமும் பயமும் கிடையாது. லோர்னா துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

"தேநீர் புதன்கிழமை நடந்திருந்தா என் வேலை போயிருக்கும், மிசஸ் டோபின். அந்தக் கடிதம் ஒரு தடவையாவது சரியா வந்திருந்தாலும் போயிருக்கும். கடவுளுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"தாராளமாச் சொல்லு, கண்ணு," என்றாள் மிசஸ் டோபின். "ஆனா பல்லாரட்டுல அந்தக் கடவுளோட கோயில்ல ஆர்கன் வாசிக்கிற மிஸ் பென்ரோஸுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு. 'ரயிலைப் பிடிக்கிற அவசரத்துல வேகமா வாசிச்சுட்டேன், பாவம், கல்யாணத்தன்னைக்கு லோர்னாவை ஓட விட்டுட்டேனே'ன்னு மூணு வருஷமா எங்கிட்ட புலம்பிக்கிட்டிருக்காங்க."