அத்திக் கிளையின் கம்பியும் பதினேழாம் விதியும்

தேசிய போன்சாய்ச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், அதே நாற்காலியில் அதே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் என் அன்புள்ள சித்தப்பாவுக்கும்,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். விடுதியில் மகளும் சுகம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே, "சங்க விஷயம்னா எழுத்துல வரணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டீர்கள். இதோ, எழுத்தில் வருகிறது. உறவு வேறு, சங்கம் வேறு என்று சொல்பவர் நீங்கள். ஆகவே கோபமான வரிகளைத் தலைவர் படிக்கட்டும், மற்றதைச் சித்தப்பா படிக்கட்டும்.

என் அத்தி மரம் உங்களுக்குத் தெரியும். குளியலறைக் குழாய் இடுக்கில் முளைத்ததைப் பிளம்பர் பிடுங்கி எறியப் போனார். நான் வாங்கிச் சட்டியில் வைத்தேன். பதினோரு வருடத்தில் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. அதன் இடப்பக்கக் கிளை மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும். அதைத் தாழ்த்துவதற்காகக் கம்பி சுற்றினேன். கம்பி சுற்றுவது பெரிய வித்தை இல்லை. கிளை பருத்து, கம்பி பட்டைக்குள் இறங்குவதற்குள் அவிழ்த்துவிட வேண்டும், அதுதான் வித்தை. அத்திக்கு ஏழு வாரம், மிஞ்சினால் எட்டு. தவறினால் திருகாணி மாதிரி ஒரு தழும்பு விழும், மரம் இருக்கும்வரை போகாது. கண்காட்சி ஒரே வாரம்தான் என்று சுற்றறிக்கை சொன்னதால் கம்பியோடு கொண்டுபோய் ஒப்படைத்தேன். இன்று பத்தாவது வாரம்.

ஒப்படைத்த அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நம் செயலாளர் தேசிய நாய் வளர்ப்போர் சங்கத்துக்கும் செயலாளர் என்பதால் இரண்டுக்கும் ஒரே படிவம் வைத்திருக்கிறார். இனம், நிறம், தடுப்பூசி போட்ட தேதி, அந்நியரைக் கண்டால் கடிக்குமா? "கடிக்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் வாரம் நடுவர் வரவில்லை. அழைப்பிதழில் போன வருட மண்டபத்தின் முகவரி இருந்ததால் அவர் அங்கே போய், யாரோ வீட்டுக் கல்யாணத்தில் வாசலில் வைத்திருந்த இரண்டு தொட்டிச்செடிகளுக்கு மதிப்பெண் போட்டு, சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். மூன்றாம் வாரம் வேறு நடுவர் வந்தார், முப்பத்தொரு மரத்தையும் சுற்றிப் பார்த்தார், பன்னிரண்டாம் மரத்தின் முன்னால் நின்று கண் கலங்கினார், அது அவருடைய மரம். சரி, மூன்றாவது நடுவரைப் போடலாம் என்றால் அதற்குச் செயற்குழு கூட வேண்டும், கூடுவதற்கு ஏழு பேர் வேண்டும், ஆறு பேர்தான் வருகிறார்கள். ஏழாமவர் துணைத் தலைவர். அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது, சித்தப்பா, இரங்கல் கூட்டத்தில் நீங்கள்தான் பேசினீர்கள், நான் மைக் பிடித்தேன். ஆனால் அவர் பெயரை எடுக்கச் செயற்குழு கூடித் தீர்மானம் போட வேண்டுமாம், கூடுவதற்கு ஏழு பேர் வேண்டுமாம்! வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு நேரே "முன்னறிவிப்பின்றி வரவில்லை" என்று எழுதி வைக்கிறார்கள். பாவம், உயிரோடு இருந்தபோது ஒரு கூட்டம் தவறாதவர்.

செயலாளருக்குப் போன் போட்டேன். பின்னணியில் ஏழெட்டு நாய்கள். "சார், கம்பி பட்டையில இறங்கிடும், அவிழ்க்கணும்" என்றேன். "எதுக்கும்மா அவிழ்க்கணும்? பார்க்க அழகாத்தானே இருக்கு, நகை போட்ட மாதிரி" என்றார். அவரிடம் இனி என்ன பேசுவது?

நேரில் போனால் இன்னும் மோசம். மரங்கள் இருக்கும் மாடி அறையின் வாசலில் அலுவலக உதவியாளர் அக்கா ஸ்டூலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருப்பார். சாவி மணிக்கட்டில் தொங்கும். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு நகவெட்டி. அவ்வளவு வேகமாக வளரும் நகத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை.

"ரெண்டே நிமிஷம் உள்ள விடுங்கக்கா."

"நீங்க மெம்பர்தானே?"

"ஆயுள் மெம்பர்!"

"அப்போ கூடாது."

உலகத்தில் வேறு எந்தச் சங்கத்திலாவது இப்படி ஒரு பதிலைக் கேட்டிருப்பீர்களா? "பதினேழாம் விதி மேடம். தீர்ப்பு வர்ற வரைக்கும் உறுப்பினர் யாரும் மரத்தைத் தொடக் கூடாது. வேணும்னா இங்கேயே நின்னு பாருங்க. வழிமொழிஞ்சது நீங்கதானே, பேரு போட்டிருக்கே" என்று நான் வழிமொழிந்ததையே என் முகத்தில் வீசினார். உண்மைதான். போன வருடம் ஒரு பல் டாக்டர் அடுத்தவர் மரத்தில் இரண்டு இலையைக் கிள்ளிவிட்டார் என்று தகராறு வந்தபோது, ஆவேசமாக எழுந்து நின்று வழிமொழிந்தவள் நான்தான். அன்றைக்குக் கைதட்டினார்கள். இப்போது யோசித்தால், எனக்கு விதிகள் பிடிக்கும், அவை மற்றவர்கள் மேல் இருக்கும்போது.

வாசலில் நின்றே பார்த்தேன். கண் மருத்துவமனையில் பதினெட்டு வருடமாகப் பார்வை சோதிக்கிறவள் நான். என் கண்ணை நான் நம்பலாம். கம்பி பட்டைக்குள் இறங்கியிருக்கிறது, சந்தேகமே இல்லை. அன்று வேலையில் ஒரு பெரியவரிடம், "இந்தக் கண்ணாடியில தெளிவா இருக்கா, இதுல தெளிவா இருக்கா?" என்று இருபது முறை கேட்டிருக்கிறேன். "ரெண்டுலயும் உன் முகம்தாம்மா வாடியிருக்கு" என்றார் அவர்.

வீட்டில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மாப்பிள்ளை, "பொண்ணு பல்லுக்குக் கம்பி கட்டினப்பகூட நீ இப்படிக் கிடந்து துடிக்கலை" என்கிறார். இதை மகளிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று போன் செய்தேன். அன்றைக்கு அது மூன்றாவது போன். அவள், "மரத்துக்குன்னா எந்த வாரம் கம்பியை அவிழ்க்கணும்னு காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்க. எனக்கு எந்த வாரம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான், சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

நிற்க. முடிவுக்கு வந்துவிட்டேன். விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்தேன். பதினேழாம் விதி "உறுப்பினர்" தொடக் கூடாது என்றுதான் சொல்கிறது. எனவே, தலைவர் அவர்களே, இந்தக் கடிதம் என் ராஜினாமா. நாளைக் காலை பத்து மணியிலிருந்து நான் உறுப்பினர் இல்லை. பத்து மணி ஒரு நிமிடத்துக்குக் கம்பி வெட்டும் கத்திரியோடு மாடி ஏறுவேன். இருபத்திரண்டாம் விதிப்படி என் மரம் போட்டியிலிருந்து நீக்கப்படும் என்று தெரியும். பதினோரு வருடமாக அந்தக் கோப்பைக்காக எங்கள் வரவேற்பறை அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக வைத்திருக்கிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். காலியாகவே இருக்கட்டும், அதில் மாப்பிள்ளை தன் ஹெல்மெட்டை வைத்துக்கொள்ளட்டும். அந்த அக்கா ஸ்டூலைக் குறுக்கே போட்டால், தாண்டுவேன். இதில் மாற்றம் கிடையாது. தலைவர் கெஞ்சினாலும் கிடையாது, சித்தப்பா கெஞ்சினாலும் கிடையாது.

சித்தியிடம் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் இருவரையும் நமஸ்கரித்து, நீங்கள் மனதுக்குள் சொல்லும் ஆசியையும் வெளியே சொல்லும் திட்டையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளும்,

உங்கள் அண்ணன் மகள்
(நாளைக் காலை பத்து மணி வரை ஆயுள் உறுப்பினர்)

பின்குறிப்பு (மறுநாள் எழுதியது): மேலே உள்ளதில் சித்தியின் மாத்திரையைத் தவிர மற்ற எதையும் படிக்காததாகப் பாவிக்கவும்.

இன்று ஒன்பதே முக்காலுக்கே போய் நின்றேன். அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினேன். முழுவதும் படித்தார். நகத்தைப் பற்றிய வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு எழுந்து, ஸ்டூலை ஓரமாகத் தள்ளி, கதவைத் திறந்தார். "கையைப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க. தொட்டீங்கன்னா கத்துவேன்."

கிளையில் கம்பி இருந்தது. ஆனால் சும்மா மேலாக, வளையல் மாதிரி தொளதொளவென்று சுற்றியிருந்தது. அடியில் பட்டை மழமழவென்று இருந்தது, ஒரு கீறல் இல்லை. கிளை நான் நினைத்த இடத்தில் அடக்கமாகத் தாழ்ந்து நின்றது.

"ஆறாவது வாரமே வெட்டி எடுத்துட்டேன். உங்களுது மட்டுமில்ல, இங்க பதினாலு மரத்துக்கு. பத்து வயசுப் பிள்ளைக்கு அஞ்சு வயசுச் சட்டையைப் போட்ட மாதிரி எல்லாம் பிதுங்கிட்டு நின்னுச்சுங்க. எனக்கு இந்தக் கலையெல்லாம் தெரியாது மேடம், பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு. கத்திரி கேட்டு ரெண்டு லெட்டர் போட்டேன், வரலை. என்கிட்ட இருந்தது நகவெட்டிதான். வெளியில இருந்து பார்த்தா கம்பி இல்லன்னு தெரிஞ்சிடும்னு மேலாப்ல திரும்பச் சுத்தி வெச்சேன்."

"பதினேழாம் விதி?" என்றேன்.

"நான்தான் மெம்பர் இல்லையே."

ஆகவே ராஜினாமா வாபஸ். என் கண்ணை நான் நம்பலாம் என்று எழுதியதும் வாபஸ். என் கம்பிக் கத்திரியை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன். இன்று மகளுக்கு ஒருமுறைகூடப் போன் செய்யவில்லை. மதியம் அவளே கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள்.

சித்தப்பாவிடம் ஒன்று, தலைவரிடமும் அதேதான்: இதைப் படித்ததும் உங்களுக்கு மனசு நெகிழ்ந்துபோகும், உங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்த அக்காவைக் கௌரவ உறுப்பினர் மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.